சமையலில் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு

பல வீடுகளில் பிள்ளைகளுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு சாப்பாட்டு மேசையில் தொடங்கி, அங்கேயே முடிந்துவிடுகிறது. தட்டில் சோறு வருகிறது, குழம்பு வருகிறது, சாப்பிட்டு முடித்ததும் தட்டு கழுவும் தொட்டிக்குப் போகிறது. அரிசியை எத்தனை முறை கழுவினார்கள், குழம்புக்கு எவ்வளவு புளி கரைத்தார்கள், எல்லாம் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்பவை பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பத்தாண்டுகள் பள்ளியில் படித்து, கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல புள்ளிகள் பெறும் ஒருவருக்கு ஒரு வேளை உணவைத் தாமே ஆக்கத் தெரியாது என்பது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. இந்த நிலை மாற வேண்டும். வாரத்தில் ஒரு வேளையாவது பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து சமைப்பது ஒவ்வொரு குடும்பத்திலும் வழக்கமாக வேண்டும். அந்தச் சமையலில் பிள்ளைகளுக்கு உண்மையான பங்கு இருக்க வேண்டும்.

உண்மையான பங்கு என்றால் என்ன? சில வீடுகளில் பிள்ளை சமையலறைக்குள் வந்தால், கொஞ்சம் மாவைக் கையில் கொடுத்து, "நீ இதை வைத்து விளையாடு" என்று ஓரமாக உட்கார வைக்கிறார்கள். பிள்ளை உருட்டிய மாவு பிறகு குப்பைக்குப் போய்விடும். வேறு சில வீடுகளில், எல்லாம் முடிந்த பிறகு மேலே கொத்தமல்லி தூவச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இவை இரண்டும் பிள்ளையை மகிழ்விக்கலாம். ஆனால், சமையலைக் கற்றுக்கொடுப்பதில்லை. பிள்ளை தன் வேலையைச் செய்தால்தான் அன்றைய உணவு மேசைக்கு வரும் என்ற நிலை இருக்க வேண்டும். முதல் நாள் இரவு கடலையை ஊற வைப்பது தம்பியின் பொறுப்பு என்றால், அவன் மறந்த நாளில் வீட்டில் சுண்டல் இல்லை. தேங்காய் துருவுவது அக்காவின் பொறுப்பு என்றால், அவள் துருவும் வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பொறுப்பில்தான் பிள்ளை வளர்கிறது.

சிங்கப்பூரில் சமைக்காமலே வாழ முடியும் என்பது உண்மை. மின்தூக்கியில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் உணவங்காடி நிலையம் இருக்கிறது. தோசை, நாசி லெமாக், கோழிச் சோறு என விரும்பியதை அங்கே வாங்கிச் சாப்பிடலாம். கைப்பேசியைத் தட்டினால் உணவு வாசலுக்கே வந்து சேர்கிறது. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பல இனத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் அந்தப் பண்பாடு பெருமைக்குரியது. வெளியே சாப்பிடுவதைக் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால், அந்த உணவங்காடிக்காரர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் அருகில் நின்று கற்றவர்கள்தாம். எல்லாரும் வாங்குபவர்களாகவே வளர்ந்தால், நாளை ஆக்கித் தருபவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

வீட்டுச் சமையலுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. கடையில் கிடைக்கும் சாம்பார் வேறு, பாட்டி வைக்கும் சாம்பார் வேறு. பாட்டியின் சாம்பாருக்கு எந்தப் புத்தகத்திலும் குறிப்பு இல்லை. "உப்பு எவ்வளவு பாட்டி?" என்று கேட்டால், "பார்த்துப் போட வேண்டியதுதான்" என்று பதில் வரும். "புளி எவ்வளவு?" என்றால், "ஒரு நெல்லிக்காய் அளவு" என்பார். "எப்போது இறக்க வேண்டும்?" என்றால், "பச்சை வாடை போனதும்" என்பார். இதைத்தான் தமிழில் கைப்பக்குவம் என்கிறார்கள். கை அறிந்த அளவு, மூக்கு அறிந்த நேரம், கண் அறிந்த பதம் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. அதை எழுதி வைப்பது கடினம். அருகில் நின்று பார்த்து, தொட்டு, முகர்ந்து, சுவைத்துத்தான் கற்க வேண்டும். பாட்டிக்கு வயதாகும்போது, அருகில் நிற்க ஒரு பேரப்பிள்ளை இல்லாவிட்டால், அந்தச் சுவை அவரோடு போய்விடும். புகைப்படமும் நகையும் பெட்டியில் இருக்கும். சுவையைப் பெட்டியில் வைத்துக் காக்க முடியாது.

சுவையோடு சேர்ந்து சொற்களும் போகின்றன. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் வாழும் இந்தியர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 27.9 விழுக்காட்டினர். 2010ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 36.7 விழுக்காடாக இருந்தது. பத்தாண்டுகளில் ஏற்பட்ட இந்தச் சரிவைத் தமிழ் வகுப்பறையால் மட்டும் தடுக்க முடியாது. மொழி புழங்குவதற்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும். அதற்குச் சமையலறையைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆங்கிலத்தில் 'ஃபிரை' என்ற ஒரே சொல்லால் சொல்வதைத் தமிழ் வறுத்தல், பொரித்தல், வதக்குதல் என்று பிரித்துச் சொல்கிறது. கடலையை வறுக்கிறோம் என்றால் அதில் எண்ணெய் தேவையில்லை. அப்பளத்தைப் பொரிக்க நிறைய எண்ணெய் வேண்டும். வெங்காயத்தை வதக்கச் சிறிது எண்ணெய் போதும். தாளித்தல், அவித்தல், கிளறுதல், கிண்டுதல், பிசைதல், துருவுதல், இடித்தல் என்று இன்னும் எத்தனையோ வினைச்சொற்கள் உள்ளன. பயிற்சித்தாளில் இவற்றுக்குப் பொருள் எழுதும் மாணவர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம். கரண்டியைப் பிடித்து வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கியவர் 'வதக்கு' என்ற சொல்லை மறப்பதில்லை.

வீட்டில் வேலையைப் பகிர்வது பற்றியும் இங்கே பேச வேண்டும். இன்றும் பல வீடுகளில் அம்மாவே சமைக்கிறார். அலுவலகத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் களைத்து வந்தாலும், நேராக அடுப்படிக்குச் செல்பவர் பெரும்பாலும் அம்மாதான். அம்மாவுக்கு உடல்நலமில்லாத நாளில் வீடே திணறிப்போகிறது. சில குடும்பங்களில் மகளைச் சமையலுக்குக் கூப்பிடுவார்கள்; மகனைக் கூப்பிடமாட்டார்கள். இது முறையன்று. பள்ளியில் இந்த வேறுபாடு இல்லை. உயர்நிலைப் பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் மாணவர், மாணவியர் இரு பாலரும் உணவு, பயனீட்டாளர் கல்விப் பாடத்தில் சமையலைக் கற்கிறார்கள். பள்ளியில் கற்ற மகன் வீட்டில் கரண்டியைத் தொடாவிட்டால், அந்தப் பாடம் பாதியில் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். பசி எல்லாருக்கும் வருகிறது. ஆகவே, சமையலும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எதைச் சமைப்பது? முதல் நாளே பிரியாணி செய்ய முயன்றால், பெரியவர்களுக்குக் கோபமும் பிள்ளைகளுக்குச் சலிப்பும்தான் மிஞ்சும். பிள்ளைகளோடு சமைக்க ஏற்ற உணவுக்கு மூன்று இயல்புகள் இருக்க வேண்டும். முதலாவது, தேவைப்படும் பொருள்கள் குறைவாகவும் அருகில் உள்ள பேரங்காடியிலோ ஈரச்சந்தையிலோ எளிதில் கிடைப்பவையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, வேலையின் பெரும்பகுதி அடுப்புக்கு வெளியே நடக்க வேண்டும். மூன்றாவது, தவறு நேர்ந்தால் சரிசெய்ய முடிய வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்தும் உணவுகள் தமிழர் சமையலிலும், சிங்கப்பூரின் பிற இனத்தவர் சமையலிலும் நிறைய இருக்கின்றன. அவற்றுள் மூன்றை எடுத்துக்காட்டாகக் காணலாம்.

முதலில் கொண்டைக்கடலைச் சுண்டல். ஒரு கோப்பைக் கொண்டைக்கடலையைக் கழுவி, மூன்று கோப்பைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகூட இதைச் செய்யலாம். காலையில் கடலை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பருத்திருப்பதைப் பார்க்கும்போது, தண்ணீரைக் கடலை உறிஞ்சிக்கொண்டது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறது. பிறகு, அதை உப்புச் சேர்த்து மெத்தென்று வேக வைப்பது பெரியவரின் வேலை. எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளிப்பதும் பெரியவரின் வேலை. சூடான எண்ணெயில் கடுகின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலை உடைப்பதால்தான் கடுகு வெடிக்கிறது என்பதைச் சற்றுத் தள்ளி நின்றே பிள்ளை கற்றுக்கொள்ளலாம். வெந்த கடலையைத் தாளிப்பில் கொட்டிக் கிளறி அடுப்பை அணைத்ததும், துருவிய தேங்காயைச் சேர்த்து, உப்புப் பார்த்து, கிண்ணங்களில் பரிமாறுவது பிள்ளையின் பொறுப்பு. முன்னாளில் சிங்கப்பூரின் திரையரங்க வாசல்களில் தமிழர்கள் கடலை வகைகளைக் காகிதக் கூம்புகளில் இட்டு விற்றார்கள். 'கச்சாங் பூத்தே' என்று மலாய்ப் பெயரால் அறியப்பட்ட அந்தத் தின்பண்டங்களில் அவித்த கொண்டைக்கடலையும் ஒன்று. சுண்டலைக் கிளறும்போது தாத்தா அந்தக் கதையைச் சொன்னால், பிள்ளைக்கு வரலாறும் சேர்ந்து கிடைக்கும்.

இரண்டாவது எலுமிச்சைச் சாதம். மீந்த சோற்றைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால், அந்தச் சோறு அறை வெப்பத்தில் கிடந்ததாக இருக்கக்கூடாது. சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். வெப்பமான இந்த ஊரில் சமைத்த உணவில் கிருமிகள் விரைவாகப் பெருகும் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். சோற்றைச் சூடாக்கிக் கட்டியில்லாமல் உதிர்ப்பது, எலுமிச்சையை உருட்டி மென்மையாக்கிப் பிழிவது, விதைகளை வடிகட்டுவது ஆகியவை பிள்ளைகளின் வேலைகள். கடுகு, கடலைப் பருப்பு, பச்சை மிளகாய், மஞ்சள்தூள் ஆகியவற்றைத் தாளிப்பது பெரியவரின் வேலை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சைச் சாற்றை ஊற்ற வேண்டும். சாறு கொதித்தால் கசப்பு ஏறிவிடும். இதைப் பாட்டி ஒருமுறை சொன்னால் பிள்ளை தலையாட்டும். ஒருமுறை கசந்த சாதத்தைச் சாப்பிட்டுப் பார்த்தால் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருக்கும். புளிப்பு மிகுந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் சோறு சேர்க்கலாம். உப்புக் குறைந்தால் தூவிக்கொள்ளலாம். திருத்த முடிந்த தவறுகளே நல்ல ஆசிரியர்கள்.

மூன்றாவது, அண்டை வீட்டுச் சமையலிலிருந்து ஒன்று. மலாய்க்காரர்களும் பெரானாக்கான்களும் செய்யும் 'ஒண்டே ஒண்டே' என்ற இனிப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. பாண்டான் இலைகளை அரைத்து எடுத்த பச்சைச் சாற்றைப் பசையரிசி மாவில் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைய வேண்டும். சிறு உருண்டை பிடித்து, நடுவில் குழி செய்து, பொடியாக நறுக்கிய குலா மலாக்காவை வைத்து மூட வேண்டும். கொதிக்கும் நீரில் பெரியவர் அவற்றைப் போட்டதும், உருண்டைகள் அடியில் அமிழும். வெந்ததும் மேலே மிதந்து வரும். உடனே அரித்தெடுத்து, சிட்டிகை உப்புக் கலந்த தேங்காய்த் துருவலில் புரட்டினால் இனிப்பு ஆயத்தமாகிவிடும். உருண்டையின் உள்ளே வெல்லம் கொதிக்கும் பாகாக இருக்கும் என்பதால், பத்து நிமிடமாவது ஆற விட்டுத்தான் கடிக்க வேண்டும். அரிசி மாவு, தேங்காய், பனைவெல்லம் ஆகியவற்றைப் பார்க்கும்போது எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் கொழுக்கட்டை நினைவுக்கு வரும். கொழுக்கட்டையில் தேங்காய் உள்ளே இருக்கிறது. ஒண்டே ஒண்டேயில் வெளியே இருக்கிறது. இன நல்லிணக்கத்தைப் பற்றிப் பல முறை மேடையில் பேசுவதைக் காட்டிலும், இரண்டையும் ஒரே நாளில் செய்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

இவற்றை எடுத்துச் சொன்னால், பெற்றோர் சிலர் முதலில் எழுப்பும் கேள்வி பாதுகாப்பைப் பற்றியது. நெருப்பும் கத்தியும் இருக்கும் இடத்தில் பிள்ளையை எப்படி விடுவது என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. கவனிப்பாரின்றி விடப்படும் அடுப்பினால் வீடுகளில் தீ மூளக்கூடும் என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது. ஆனால், சமையலறையைப் பற்றி ஒன்றும் அறியாமல் வளரும் பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். ஒருநாள் வீட்டில் தனியாக இருக்கும்போது பசித்தால், அந்தப் பிள்ளை அடுப்பைப் பற்ற வைக்கத்தான் செய்யும். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கையில் சூடுபட்டால் பற்பசை தடவக்கூடாது, குழாயைத் திறந்து குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஓடவிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் அருகில் இருக்கும்போது கற்றவையே பெரியவர் இல்லாதபோது கைகொடுக்கும்.

வயதுக்கேற்ப வேலையைப் பிரித்துக் கொடுத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். பள்ளிக்குச் செல்லாத சின்னஞ்சிறு பிள்ளைகள் கீரை ஆயலாம், காய்களைக் கழுவலாம், ஆறிய உருளைக்கிழங்கைக் கையால் மசிக்கலாம். தொடக்கநிலை மாணவர்கள் மாவு பிசையலாம், அளந்து போடலாம், அவித்த முட்டையை உரிக்கலாம். பத்து வயதைத் தாண்டியவர்களுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்பக்கமாக மடக்கிக்கொள்வது முதல் பாடம். உயர்நிலை மாணவர்கள் அடுப்பின் முன் நின்று ஓர் உணவை முழுமையாக ஆக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையின் நிதானத்தைப் பார்த்து இந்த எல்லைகளைச் சற்று முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த மறுப்பு நேரத்தைப் பற்றியது. பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு, வீட்டுப்பாடம் ஆகியவற்றுக்கு நடுவே சமையலுக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும் தாய், தந்தையிடம் தினமும் பிள்ளைகளோடு சமைக்கச் சொல்வது கொடுமை. அதனால்தான் வாரத்தில் ஒரு வேளை போதும் என்று சொல்லப்படுகிறது. சனிக்கிழமைக் காலையோ ஞாயிற்றுக்கிழமை மாலையோ முக்கால் மணி நேரம் ஒதுக்கினால், ஓராண்டில் ஐம்பது முறை சமைத்திருப்பார்கள். ஐம்பது முறை சமைத்த பிள்ளை சமைக்கத் தெரிந்த பிள்ளை. அந்த முக்கால் மணி நேரத்தில் கைப்பேசிகள் ஒதுங்கியிருக்கும் என்பது கூடுதல் நன்மை. மாவு அப்பிய கையால் திரையைத் தொட யாரும் விரும்பமாட்டார்கள். அப்போது பேச்சு தானாக வரும். "பள்ளியில் இன்று என்ன நடந்தது?" என்று நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லும் பிள்ளை, பட்டாணி உரித்துக்கொண்டே பல செய்திகளைச் சொல்லிவிடும்.

பணிப்பெண் இருக்கும் வீடுகளில் இன்னொரு வாதம் கேட்கிறது. சமைப்பதற்கு ஆள் இருக்கும்போது பிள்ளை ஏன் கற்க வேண்டும் என்பதே அது. பணிப்பெண்ணின் உழைப்பு மதிக்கத்தக்கது. அந்த மதிப்பு எங்கிருந்து வரும்? தானும் ஒருமுறை வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விட்டவருக்கும், எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த சட்டியைத் தேய்த்துக் கழுவியவருக்கும்தான் அடுத்தவரின் உழைப்பு புரியும். தட்டில் பாதி உணவை மீதம் வைத்துவிட்டு எழுந்து செல்லும் பழக்கமும் அப்போதுதான் குறையும். மேலும், பிள்ளைகள் வளர்ந்து தனி வீட்டிலோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலோ வாழும்போது, சமைக்க ஆள் இருக்கப்போவதில்லை.

"வேண்டுமானால் யூடியூப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டுமே" என்று சொல்வோரும் உண்டு. காணொளிகளால் நன்மை உண்டு; புதிய உணவுகளை அவை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால், காணொளியில் வருபவர் இந்த வீட்டுப் பாத்திரத்தில் இருக்கும் மாவைத் தொட்டுப் பார்க்கமாட்டார். மாவு ஒட்டுகிறதே, இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்க வேண்டுமா, சற்று நேரம் மூடி வைத்தால் போதுமா என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். அதைச் சொல்ல அருகில் ஒருவர் வேண்டும்.

பிள்ளைகளின் உடல்நலத்திற்கும் இந்தப் பழக்கம் உதவும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. இந்தச் செய்தியைச் சுவரொட்டியில் படிக்கும்போது அது வெறும் எண். ஒரு பாத்திரம் குழம்பில் எத்தனை கரண்டி உப்பு விழுகிறது என்று கையால் அளந்து போடும்போது அது அனுபவம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தட்டு, தட்டின் பாதியில் காய்கறிகளும் பழங்களும், கால் பகுதியில் முழுத்தானியமும், மற்றொரு கால் பகுதியில் இறைச்சி, மீன், பருப்பு போன்றவையும் இருக்க வேண்டும் என்று காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஈரச்சந்தைக்குப் பெற்றோருடன் சென்று, இந்த வாரக் காயைத் தானே தேர்ந்தெடுத்து, தானே நறுக்கிய பிள்ளை, அந்தக் காயை எளிதில் ஒதுக்கிவிடாது. பாகற்காயைக் கண்டாலே முகம் சுளிக்கும் பிள்ளைகூட, தான் வறுத்த பாகற்காயில் ஒரு துண்டையாவது சுவைத்துப் பார்க்கும்.

இதில் பெரியவர்கள் கற்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. அது பொறுமை. பிள்ளை தேங்காய் துருவினால் பாதி தரையில் விழும். சப்பாத்தி வட்டமாக வராது. பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். "கொடு, நானே செய்துவிடுகிறேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வது எளிது. அப்படிப் பிடுங்கப்பட்ட பிள்ளை அடுத்த வாரம் சமையலறைப் பக்கமே வராது. கோணலான சப்பாத்தியும் வயிற்றை நிரப்பும். தரையில் விழுந்த மாவைத் துடைப்பதும் சமையலின் ஒரு பகுதி என்று சொல்லி, துணியைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் போதும். பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்து, குப்பையைக் கட்டி வைத்த பிறகே சமையல் முடிந்தது என்று வீட்டில் விதி வைத்துக்கொள்ளலாம். அந்த விதி அப்பாவுக்கும் பொருந்த வேண்டும்.

உயர்நிலை மாணவர்கள் யாரும் அழைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர்களே இதைத் தொடங்கி வைக்கலாம். வீட்டில் எல்லாருக்கும் பிடித்த ஓர் உணவை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் சமைப்பவர் பாட்டியாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், மீன்கறி வைப்பதில் பெயர்பெற்ற தாத்தாவாகவும் இருக்கலாம். அவர் அடுத்த முறை சமைக்கும்போது ஒரு தராசையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் ஒரு கைப்பிடி பருப்பை அள்ளினால், அது சட்டிக்குள் போகும் முன் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அவர் பயன்படுத்தும் சொற்களை அப்படியே தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் அதே உணவைத் தாமே சமைத்து, அவரிடமே கொடுத்துச் சுவை பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் முறை உப்புக் குறையலாம், புளிப்பு கூடலாம். குறிப்பேட்டில் திருத்திக்கொண்டு மீண்டும் சமைக்கலாம். நான்கைந்து முறைக்குப் பிறகு அந்த உணவு அடுத்த தலைமுறையின் கைக்கு வந்திருக்கும்.

பிள்ளைகள் எல்லாரும் சிறந்த சமையற்காரர்களாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தமக்கும் தம்மோடு வாழ்பவர்களுக்கும் ஒரு வேளை நல்ல உணவை ஆக்கத் தெரிந்தவர்களாக அவர்கள் வளர வேண்டும். தம் வீட்டுச் சுவை எது என்று அறிந்தவர்களாக, அதைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்களாக வளர வேண்டும். அதற்குப் பெரிய சமையலறையோ விலையுயர்ந்த கருவிகளோ வேண்டாம். ஒரு கோப்பைக் கொண்டைக்கடலையும், அதை இன்றிரவு ஊற வைக்க நினைவில் வைத்திருக்கும் ஒரு பிள்ளையும் இருந்தால், நாளையே தொடங்கிவிடலாம்.